கட்டட நிதியைத் தேடும் முன் ஆயாவின் சம்பளத்தைத் தேடுங்கள்

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக எங்கள் குடியிருப்பில் ஒரு குழந்தைகள் காப்பகம் கட்ட விரும்புகிறோம், நிதியை யாரிடம் கேட்பது என்று வினவியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு சிறிய அறக்கட்டளையாகவோ மகளிர் குழுவாகவோ இருப்பீர்கள், கையில் இடம் மட்டும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டடத்துக்குப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு மாதாமாதம் தரவேண்டிய சம்பளத்துக்குத்தான் கொடுப்பார் இல்லை. அதை உறுதி செய்துகொள்ளாமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆனால் அது நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கு மட்டுமே உரியது. சம்பளத்துக்குத் தர விதி இடம் தராது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றாலும், ஒரு தொடர் திட்டத்துக்கு அவை ஒதுக்கும் காலம் தொடங்கிய ஆண்டு நீங்கலாக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். இன்று தவழும் குழந்தை பள்ளிக்குப் போவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும்.

சென்னை கண்ணகி நகரில் நாங்கள் நடத்திய காப்பகத்தில் இதை நேரில் கண்டேன். நகரின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டு அங்கே குடியேற்றப்பட்ட பெண்களில் பலர், விடியும் முன்பே பேருந்து ஏறி அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்குச் செல்பவர்கள். அங்கன்வாடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது திறப்பதற்குள் இவர்கள் ஒரு வீட்டு வேலையை முடித்திருப்பார்கள், கைக்குழந்தைக்கு அங்கே சத்துமாவு கிடைக்குமே தவிர நாள் முழுதும் இருக்க இடம் கிடைக்காது. அதனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளையின் படிப்புதான் நிற்கும்.

எங்களுக்கு ஒரு நிறுவனம் தரைக்கு ஓடு பதித்து, சுவருக்கு வண்ணம் பூசி, தொட்டில்களும் வாங்கித் தந்தது. ஆயாக்களின் சம்பளத்தைக் கேட்டபோது, அது தொடர் செலவு, தர இயலாது என்று மறுத்துவிட்டார்கள். சம்பளம் தள்ளித் தள்ளிப் போனதும், நன்கு பழகிய ஆயாக்கள் ஒவ்வொருவராக அதிகச் சம்பளத்துக்கு வீட்டு வேலைக்கே போய்விட்டார்கள். அவர்கள் மடியில் உறங்கிய குழந்தைகள் புதியவர் கையால் ஒரு வாய்கூட உண்ண மறுத்ததைப் பார்த்தவர் எவரும், ஆயாவைக் கட்டடத்துக்கு அடுத்த செலவாகக் கணக்கில் எழுத மாட்டார்.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ பல வீடுகள், பல முதலாளிகள். எந்த வீட்டின் மீதும் அந்தக் கடமை விழுவதில்லை. ஆகவே எங்கள் தாய்மார்கள் வேலை செய்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தை அணுகி, மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு சிறு தொகையைக் காப்பகத்துக்கு வசூலித்துத் தரக் கேட்டோம். எல்லா வீடுகளும் இணங்கவில்லை. இணங்கியவர்களின் பணம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. தாய்மார்களிடமும் சிறு கட்டணம் வாங்கினோம். ஏழைகளிடம் பணம் வாங்கலாமா என்று கேட்பவர்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களிடம் குழந்தைக்கு மாதம் 20 ரூபாய் வாங்கலாம் என்று மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டமே விதித்திருந்ததைக் கருத வேண்டும்.

அதே திட்டம் 2017இல் காப்பகப் பணியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. நாள் முழுதும் பிறர் பிள்ளைகளைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிடும் உழைப்புக்கு ஓர் அரசு இட்ட விலை இது என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அத்துடன் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் செலவில் 10 விழுக்காட்டைச் சொந்தமாகப் போடவும் வேண்டியிருந்தது.

அத்திட்டம் 2022 முதல் பால்னா என்ற பெயரில் இயங்குகிறது. செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்கின்றன. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கும் அதில் இடமுண்டு. ஆகவே முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, உங்கள் பகுதி அங்கன்வாடியிலேயே காப்பகம் அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியுமானால் நீங்கள் திரட்டும் பணம் முழுவதையும் ஆயாக்களின் ஊதியத்தை உயர்த்தவே பயன்படுத்தலாம். புதுக் கட்டடம் தேவைப்படாது.