சித்தூர்ப் புழையில் பிள்ளைகளோடு இறங்கலாமா?

மழையே இல்லையே, புழையில் (ஆற்றில்) குளிக்க என்ன பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. தமிழ்நாடும் கேரளாவும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, கேரளாவுக்கான தண்ணீர் மேலே உள்ள மணக்கடவு, மூலத்தறை தடுப்பணைகள் வழியாக இதே புழையில்தான் வருகிறது. மேலே திறந்துவிட்டால் இங்கே வெயிலடிக்கும்போதே மட்டம் ஏறும்.

இறங்கும்முன் கரையோரக் கல் ஒன்றைக் குறித்து வையுங்கள். அது மூழ்கினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியுமாக வந்தாலோ, சோப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். படம் எடுக்க நடுப்பாறைக்குப் போகவே வேண்டாம். தண்ணீர் சூழ்ந்தால் திரும்ப வழியில்லை. தடுப்பணைக்கு அடியில் சுழல் இழுக்கும், அங்கே நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஆபத்துதான். பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் கூடவே குதிக்காதீர்கள். வேட்டியோ கயிறோ வீசுங்கள், அப்புறம் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.