கிராவல் பைக் என்றால் என்ன? அதன் டயரில் ஏன் காற்றைக் குறைத்து வைக்கிறார்கள்?

சரளைக்கல், செம்மண் பாதைகளுக்கென்று செய்த சைக்கிள்தான் கிராவல் பைக். ரேஸ் சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் டயர் 35 முதல் 50 மி.மீ. வரை அகலம், ஏற்றத்துக்கு லேசான கியர்.

போடிமெட்டு தாண்டி கேரளத்து மலையில் பூப்பாறை, தேவிகுளம் பக்கம் வந்தால் இதன் அருமை புரியும். தேசிய நெடுஞ்சாலை 85-இல் ஜீப்பும் பஸ்ஸும் ஓயாது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பாதையில் திரும்பினால் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சுக் குரல் மட்டும்தான். ஆனால் அங்கே தார் கிடையாது, ஜல்லிதான்.

சரி, காற்று விஷயம். இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய மிதி அந்தக் குலுக்கலிலேயே வீணாகிவிடும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் மேல் அமுங்கி, அதை விழுங்கிக்கொண்டு உருளும். இறக்கத்தில் பிடிமானமும் கூடும். இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டிக்கும் டயர் வண்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதே மாடு, அதே பாரம், இழுப்பது மட்டும் சுலபம்.

அதற்காக ரிம் தரையில் இடிக்கும் அளவுக்குக் குறைக்காதீர்கள். அப்புறம், எஸ்டேட் கேட்டில் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். யானை நடமாடும் இடம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

டயர் கல் மாதிரி இருந்தால்தான் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வழவழப்பான தார் ரோட்டுக்குத்தான் ஓரளவு பொருந்தும்.