குட்டி வளர வளர நுரையீரல் கொழுப்பு எப்படி மாறுகிறது? கேள்வி பதில்

எலி, முயல் குட்டிகளின் நுரையீரலிலிருந்து கொழுப்பைப் பிரித்து, எந்த வயதில் எது எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மற்றபடி வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கறிக்கடையில் ஆட்டு நுரையீரலைப் பார்த்தால் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது, கொழுப்பே கண்ணில் படவில்லை. நீங்கள் எந்தக் கொழுப்பைச் சொல்கிறீர்கள்?

கட்டியாகத் தெரிகிற கொழுப்பு இல்லை. காற்று நுண்ணறைகளின் உட்புறம் எப்போதும் ஈரம்தான், அந்த நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை நாம் மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் நுண்ணறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் தடுக்க நீரின் மேல் விரிந்து கிடக்கும் பொருள் சர்ஃபாக்டன்ட். அதில் ஏறத்தாழ 90% கொழுப்பு, மிச்சம் புரதம். கொழுப்பிலும் பெரும்பங்கு பாஸ்படிடைல்கோலின், அதிலும் அதன் இரண்டு வாலும், அதாவது இரண்டு கொழுப்பமிலச் சங்கிலிகளும், பால்மிடிக் அமிலமாக இருக்கும் வகைதான் முக்கியம். சுருக்கமாக டிபிபிசி என்போம். அடுத்த முறை அந்த நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்து பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வரும், வந்தது லேசில் உடையாது. 1955-ல் பேட்டில் என்ற ஆய்வாளர் கவனித்ததும் நுரையீரல் குமிழிகளின் இந்த உடையாத தன்மையைத்தான்.

கேள்வி: வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த பிறகும் கொழுப்பின் அளவு மட்டும்தான் கூடுகிறதா, வகையும் மாறுமா?

இரண்டும் மாறும். எனக்குச் சுவாரசியம் வகை மாறுவதில்தான். எலியின் கர்ப்பகாலம் 22 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நான்கு நாள் வரைக்கும் சர்ஃபாக்டன்ட் செய்யும் செல்களில், அதாவது இரண்டாம் வகை நுண்ணறைச் செல்களில், கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஏரி போல் தேங்கிக் கிடக்கும். பிறகு அது மளமளவென்று குறையும். அதே செல்லில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல் அடுக்கடுக்கான பொட்டலங்கள் பெருகும், அதுதான் சேமித்து வைத்த சர்ஃபாக்டன்ட். சர்க்கரைச் சேமிப்பின் ஒரு பகுதி கொழுப்பாக மாறுகிறது.

கூடவே இன்னொரு மாற்றமும் நடக்கிறது. முதிராத நுரையீரலில் பாஸ்படிடைல்இனோசிட்டால் அதிகம், பாஸ்படிடைல்கிளிசரால் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பிறப்பு நெருங்க நெருங்க முதலாவது இறங்கும், இரண்டாவது ஏறும். இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிரிந்து போகிறவை. கருவின் இரத்தத்தில் இனோசிட்டால் நிறைய இருக்கும்வரை முதல் பக்கமே சாயும், அது குறையும்போது மறுபக்கம் திரும்பும். மனிதக் கருவில் இந்தத் திருப்பம் ஏறத்தாழ 35, 36-ஆம் வாரத்தில் தெரியும். 1971-ல் குளுக் குழுவினர் பனிக்குட நீரில் லெசித்தினுக்கும் (பாஸ்படிடைல்கோலினின் இன்னொரு பெயர்) ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு கொழுப்புக்கும் உள்ள விகிதம் 2-ஐத் தாண்டினால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்று கணக்கிடக் கற்றுக்கொடுத்தார்களே, அதோடு இதையும் சேர்த்துப் பார்த்து வந்தார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பாஸ்படிடைல்கிளிசரால் வந்தால்தான் மூச்சு விட முடியும் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. முயல்களுக்கு இனோசிட்டால் கொடுத்து அந்தக் கொழுப்பே அநேகமாக இல்லாத சர்ஃபாக்டன்ட்டை உண்டாக்கிப் பார்த்தார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. முதிர்ச்சிக்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

கேள்வி: மேடம், நான் கால்நடை மருத்துவ மாணவி. ஒரு வார எலிக்குட்டியின் நுரையீரலை ஆயில் ரெட் சாயத்தில் பார்த்தேன், சுவர் முழுக்க சிவப்புத் துளிகள். நோயில்லாத குட்டிதான். கொழுப்பு படிந்துவிட்டதா?

இல்லைம்மா, நீங்கள் பார்த்தது ஆரோக்கியம். நுண்ணறைச் சுவருக்குள் இருக்கும் லிப்போஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அவை. துளிகளில் பெரும்பாலும் டிரைகிளிசரைடு, கூடவே வைட்டமின் ஏ-யின் சேமிப்பு. பக்கத்தில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்லுக்கு சர்ஃபாக்டன்ட் செய்யக் கொழுப்பமிலம் கொடுப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று. எலி பிறக்கும்போது உண்மையான நுண்ணறைகள் இருக்காது, பெரிய பைகள்தான் இருக்கும். முதல் இரண்டு வாரத்தில்தான் அந்தப் பைகளுக்குள் தடுப்புச்சுவர்கள் முளைத்து நுண்ணறைகளாகப் பிரிகின்றன. அந்தச் சமயத்தில்தான் இந்தச் செல்கள் நிறைந்து இருக்கும். பால் மறக்கும் வயதில் அதே சாயத்தில் இன்னொரு குட்டியைப் பாருங்கள், சிவப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள், நல்ல பாடம் அது.

கேள்வி: அப்போது பிறந்த பிறகு சர்ஃபாக்டன்ட்டின் சேர்மானம் நிலைத்துவிடுகிறதா?

நிலைப்பதில்லை. டிபிபிசி தனியாக இருந்தால் 41 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், உடல் வெப்பமோ 37. இறுகும் குணம் மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் நல்லது, ஆனால் அடுத்த மூச்சில் சட்டென்று விரிய இளகலான கொழுப்பும் வேண்டும், புரதமும் வேண்டும். எலிக்குட்டியில் நுண்ணறைகள் பிரியும் அதே வாரங்களில், ஒரு வால் பால்மிடிக், இன்னொன்று அதைவிடக் குட்டையான மிரிஸ்டிக் அமிலம் என்ற வகை நன்றாகக் கூடுகிறது. பிறகு இறங்குகிறது. வளரும் நுரையீரலுக்கு இளகலான கலவை தேவைப்படுகிறது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

கேள்வி: அக்கா, பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உடல் எடைக்குக் கணக்கிட்டால் உண்மைதான். மாதம் நிறைந்து பிறந்த குட்டியின் நுண்ணறைகளில் கிலோவுக்குச் சுமார் 100 மில்லிகிராம் இருக்கும், வளர்ந்த விலங்கில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறும் குழந்தையிடம் 10 மில்லிகிராம்கூட இருக்காது. இன்னொன்று, குட்டி எதையும் வீணாக்குவதில்லை. சில நாள் வயதான முயல்குட்டி பயன்படுத்திய பாஸ்படிடைல்கோலினில் 90%-க்கு மேல் செல்லுக்குள் திரும்ப இழுத்து மறுபடி அனுப்புகிறது. வளர்ந்த முயலில் அது கால்வாசி அளவுதான்.

கேள்வி: என் தங்கைக்கு 31 வாரம். முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பயப்படலாமா?

பயப்பட வேண்டாம், அது குழந்தையின் நுரையீரலுக்காகத்தான். நியூசிலாந்தில் லிகின்ஸ் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த கருக்கள் பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும், அவற்றின் நுரையீரலில் ஓரளவு காற்று நிரம்பியிருந்ததைக் கண்டார். 1972-ல் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். இயற்கையிலும் கருவின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் கடைசியில் ஏறித்தான் இந்தக் கொழுப்பு மாற்றங்களை முடுக்கிவிடுகிறது, ஊசி அதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவருகிறது. மற்ற சந்தேகங்களை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள், ஊசி இரத்தச் சர்க்கரையை ஏற்றும். தவிர, தாயின் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் கருவில் இன்சுலின் கூடி நுரையீரல் முதிர்வது தள்ளிப்போகும்.

கேள்வி: எல்லா விலங்கிலும் இதே கால அட்டவணைதானா?

இல்லை. கன்றும் ஆட்டுக்குட்டியும் நுண்ணறைகளோடுதான் பிறக்கின்றன, எலியும் சுண்டெலியும் இல்லாமல் பிறக்கின்றன. ஆனால் பிறப்புக்குச் சற்று முன்பு டிபிபிசி ஏறுவது பாலூட்டிகளில் பொது. ஆண் கரு பெண் கருவைவிடக் கொஞ்சம் பின்தங்கும், அது ஆண் ஹார்மோனின் வேலை.

கேள்வி: குட்டிகளில் இதை அளக்கத் தொடங்குகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நுரையீரலை உப்புநீரில் அலசி எடுத்த கொழுப்பையும், திசுவை அரைத்து எடுத்த கொழுப்பையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். திசுவில் செல்சவ்வுகளின் கொழுப்பு வந்து சர்ஃபாக்டன்ட்டின் மாற்றத்தை மூடிவிடும். அப்புறம் வயதை நாளில் எழுதாமல் மணியில் எழுதுங்கள். முதல் மூச்சுகளின் இழுப்பிலேயே செல்கள் சேமிப்பை வெளியே கொட்டத் தொடங்கிவிடுகின்றன, அதனால் 2 மணி நேரக் குட்டியும் 20 மணி நேரக் குட்டியும் ஒரே நாள் என்றாலும் ஒன்றல்ல. சிசேரியனில் எடுத்ததா, தானாகப் பிறந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். பிரசவ வலியைத் தாண்டி வந்த குட்டியில் சுரப்பு முன்னதாகவே தொடங்கியிருக்கும்.