வாசகர் கேள்வி, பதில்: ஒரே தொட்டியில் பார்ப் மீன்கள்

கேள்வி: இரண்டடி நீளமும் ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியில் நான்கு டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல், ஐந்து கப்பி வளர்க்கிறேன். ‘பார்ப்’ என்று மட்டும் சொல்லித் தரப்பட்ட வேறு இரண்டு மீன்களும் உள்ளன. வாங்கியபோது அவற்றின் வெள்ளி நிற உடலில் கறுப்புப் பட்டைகள் இருந்தன. இப்போது அவை மங்கி, வாலுக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புத் திட்டும், வால் நுனிகளில் சிவப்பும் கறுப்பும் தெரிகின்றன. டைகர் பார்ப்புகள் ஏஞ்சல்களின் துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கின்றன. பசியாக இருக்கும் என்று உணவை இரட்டிப்பாக்கியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: பெயர் தெரியாத அந்த இரண்டிலிருந்து தொடங்குவோம். ‘பார்ப்’ என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பற்பல இனங்களுக்கான பொதுப்பெயர். ஐந்து சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும் மீனுக்கும், முப்பது சென்டிமீட்டரைத் தாண்டும் டின்ஃபாயில் பார்ப்புக்கும் அதே பெயர்தான். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஃபிலமென்ட் பார்ப்புக்கு உரியவை. குஞ்சுப் பருவத்தில் பட்டைகளோடு தோன்றி, வளர வளர அவை மறைந்து, வாலருகே நீள்வட்டமான திட்டு மட்டும் எஞ்சுவது அதன் இயல்பு. ஆண் மீன் முதிர்ந்ததும் முதுகுத் துடுப்பின் கதிர்கள் இழைகளாக நீள்வதாலேயே அதற்கு இப்பெயர் வந்தது. பதினைந்து சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து கூட்டமாக நீந்தும் இம்மீனுக்கு நான்கடித் தொட்டியாவது வேண்டும் என்பதால், அவை சிறியனவாக இருக்கும்போதே அத்தகைய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

டைகர் பார்ப் கடிப்பது பசியால் அன்று. சுமத்ரா, போர்னியோ பகுதிகளைச் சேர்ந்த இம்மீன்கள் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்பதை ஓயாமல் துரத்தியும் கொத்தியும் தீர்மானித்துக்கொள்பவை. எட்டுப் பத்து மீன்கள் இருந்தால் அந்தப் பூசல் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே பரவி அடங்கிவிடும். மூன்று நான்கு மட்டும் இருந்தால், அருகில் மெதுவாக நீந்துகிற, நீண்ட துடுப்புள்ள மீன்களின் மேல் அது திரும்பும். ஏஞ்சலும் கப்பியும் அத்தகையவை. எண்ணிக்கையைக் கூட்டினாலும் இவற்றுக்கு உறுதியான பாதுகாப்புக் கிடைக்காது என்பதே என் கருத்து; மேலும் உங்கள் தொட்டியில் எட்டு டைகர் பார்ப்புகளுக்குப் போதிய இடமும் இல்லை.

ஆகவே ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. டைகர் பார்ப்தான் வேண்டும் என்றால், 90 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் அவற்றை எட்டுக்கு மேல் வைத்து, துணைக்கு ஜீப்ரா டேனியோ போன்ற விரைந்து நீந்தும் மீன்களையோ அடித்தளத்தில் வாழும் கூலி லோச்சையோ சேருங்கள். இப்போதுள்ள தொட்டியையே வைத்திருக்க விரும்பினால், இலங்கையின் நிழலான ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் ஆறு போதும். மூக்கிலிருந்து வால்வரை ஓடும் ஒரு கரிய கோடும், ஆணின் ஆழ்ந்த சிவப்பும் அதன் அடையாளம். சாதுவான அம்மீன் கப்பிகளைத் தொந்தரவு செய்யாது. செடிகளை மட்டும் அடர்த்தியாக வையுங்கள், ஒளிய இடமில்லாவிட்டால் அது நிறம் மங்கி மூலையிலேயே கிடக்கும். ஏஞ்சல்களுக்கு எப்படியும் இதைவிட உயரமான தொட்டி தேவை.

எதைச் செய்தாலும், கூடுதல் உணவை இன்றே நிறுத்துங்கள். மிஞ்சும் உணவு அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். காயம்பட்ட மீனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி வந்தால், அடிவரை சேதமாகாத துடுப்பு தானே வளரும். கிழிந்த ஓரத்தில் பஞ்சு போன்ற வெண்மை படர்ந்தால் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை அளியுங்கள்.

கேள்வி: பச்சை டைகர் பார்ப்பும் வெளிர் நிற அல்பினோவும் தனி இனங்களா?

பதில்: இல்லை. இரண்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து உருவாக்கப்பட்ட நிற வகைகளே. பச்சை வகையில் கரிய பட்டைகள் உடல் முழுதும் பரவியிருக்கின்றன. எல்லாம் ஒரே கூட்டமாகச் சேரும் என்பதால் எண்ணிக்கையைக் கலந்தே கணக்கிடலாம். ஆனால் பட்டைகள் நான்குக்குப் பதில் ஐந்து இருந்தால் அது ஐந்துபட்டை பார்ப் என்னும் வேறு இனம். கூச்ச சுபாவமுள்ள அதை டைகர் பார்ப்போடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி: டெனிசன் பார்ப் இரண்டை மூன்றடித் தொட்டியில் விட்டேன். ஒன்று வெளியே குதித்து இறந்துவிட்டது. காரணம் என்ன?

பதில்: வருத்தமான இழப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் வேகமான, பிராணவாயு மிகுந்த ஆறுகளின் மீன் இது. 1865இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பக்கவாட்டில் ஓடும் சிவப்புக் கோட்டையும் கீழே கறுப்புக் கோட்டையும் பார்த்து ஆசைப்பட்டு ஒன்றிரண்டை வாங்குபவர்கள் பலர். ஆனால் ஐந்தாறு பேராவது இல்லாத சூழலில் இது எளிதில் மிரளும், மிரண்டால் பாயும். பதினைந்து சென்டிமீட்டர்வரை வளர்வதால் கூட்டமாக வைக்க நான்கடிக்கு மேற்பட்ட நீளமும் நல்ல நீரோட்டமும் தேவை. இயற்கையில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும் இது பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதனால் இனி வாங்கினால், ஆற்றில் பிடிக்காமல் பண்ணையில் பிறந்த குஞ்சா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். எஞ்சியிருக்கும் மீனுக்காக, வடிகட்டிக் குழாய் நுழையும் இடைவெளி உட்பட தொட்டியின் மேற்பகுதி முழுவதையும் இன்றே மூடிவிடுங்கள்.