எருமை இழையம் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தால்

கேள்வி: வந்தாறுமூலையில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். எருமை மடி இழையத்தில் ஒரு புரதத்தைத் தேடுகிறேன். முதலாவது பிறபொருளெதிரி (antibody), அதாவது அந்தப் புரதத்தில் ஒட்டுவது, வெள்ளாட்டில் உருவாக்கியது. இரண்டாவது, முதலாவதில் ஒட்டுவது, வெள்ளாட்டுக்கு எதிராகக் கழுதையில் உருவாக்கியது. பச்சைச் சாயம் பிணைத்தது. சிலைட் முழுக்கப் பச்சையாக ஒளிர்கிறது. முதலாவதைப் போடாத சிலைட்டும் அப்படித்தான். சாயம் பழுதா?

பதில்: சாயத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. முதலாவதைப் போடாமலே ஒளிர்கிறது என்கிறீர்களே, விடை அதற்குள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது பிறபொருளெதிரிக்கு நீங்கள் தேடும் புரதம் எதுவென்றே தெரியாது. வெள்ளாட்டின் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறபொருளெதிரிப் புரதம், எங்கே கண்டாலும் போய் ஒட்டும், அவ்வளவுதான். வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமை எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் இம்யூனோகுளோபுலின்கள் மிகவும் ஒத்திருப்பதால், எருமையின் சொந்த இம்யூனோகுளோபுலினிலும் அது ஒட்டிக்கொள்கிறது. அதிலும் நீங்கள் எடுத்திருப்பது மடி. ஈனும் காலம் நெருங்கும்போது, சீம்பாலுக்காகத் தாயின் இரத்தத்திலிருந்து இம்யூனோகுளோபுலின் வந்து குவியும் இடமே அதுதான்.

தடுப்புக் கரைசலையும், அதாவது பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் இழையத்தை மூடப் போடுவதையும், பாருங்கள். பால்மாவோ மாட்டு சீரம் அல்புமினோ பாவித்திருந்தால், அவற்றிலும் மாட்டு இம்யூனோகுளோபுலின் கலந்திருக்கும். மூடப் போட்டதே ஒளிரத் தொடங்கிவிடும்.

இனி வாங்கும்போது முதலாவதை முயலில் உருவாக்கியதாகத் தேடுங்கள். எருமையின் புரதத்தை அது அடையாளம் காணுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இரண்டாவதாக, முயலுக்கு எதிராகக் கழுதையில் உருவாக்கியதை எடுக்கலாம். ஆனால் மாட்டு சீரப் புரதங்களோடு ஒட்டும் பகுதியை முன்பே உறிஞ்சி நீக்கியது என்று அதன் விவரத்தாளில் இருக்க வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தடுப்புக்கு, இரண்டாவது எந்த விலங்கில் உருவானதோ அதன் சாதாரண சீரம், இங்கே கழுதை சீரம், 5 சதவீதம் போதும்.

அப்புறம், பிறபொருளெதிரி எதுவுமே போடாத சிலைட் ஒன்றையும் கட்டாயம் பாருங்கள். போமலினில் பதப்படுத்திய இழையமும் செங்குழியங்களும் தாமாகவே பச்சையில் ஒளிரும். அந்தச் சிலைட்டும் ஒளிர்ந்தால், பிறபொருளெதிரியை மாற்றினாலும் அந்தப் பங்கு போகாது. அப்போது 488 என்ற எண்ணுள்ள பச்சைச் சாயத்துக்குப் பதில் 594 போன்ற சிவப்புச் சாயத்துக்கு மாறுங்கள். 647 இன்னும் நல்லது, ஆனால் அதன் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நுணுக்குக்காட்டியில் பொருத்தமான கமராவும் வடிகட்டியும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

புதுக் குப்பி வந்ததும் வெளிச்சம் படாமல் 4 பாகையில் வையுங்கள். 500 மடங்கு ஐதாக்கலில் தொடங்கி, மேலும் கீழும் சோதித்துப் பாருங்கள்.

இப்போது கையில் உள்ள குப்பியை எறிந்துவிட வேண்டாம். கோழி இழையத்தில் வெள்ளாட்டுப் பிறபொருளெதிரியோடு வேலை செய்பவர் உங்கள் துறையில் இருந்தால், தடுப்புக்குப் பால்மா போடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.