சாஸில் ஊறிய பன்றி இறைச்சி: சத்து எவ்வளவு?

கேள்வி: பாக்கெட்டில் வரும் பார்பிக்யூ புல்டு போர்க் (மெதுவாக வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, சாஸில் கலந்த பன்றி இறைச்சி) புரத உணவுதானா?

பதில்: பாதிதான். 100 கிராமில் சுமார் 170 கலோரி, 13 கிராம் புரதம், 4-5 கிராம் கொழுப்பு. கவலை சர்க்கரையில்தான்: ஏறக்குறைய 15 கிராம், அதாவது கிட்டத்தட்ட 4 தேக்கரண்டி! அத்தனையும் சாஸிலிருந்து வருவது. உப்பில் உள்ள சோடியம் 650 மி.கி.யைத் தொடும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 2000 மி.கி.

லேபிளில் 'ஒரு பரிமாறல்' எத்தனை கிராம் என்று முதலில் பாருங்கள். பலர் அதைப்போல் இரு மடங்கு சாப்பிட்டுவிட்டு, ஒரு பங்குக்கே கணக்குப் போடுகிறார்கள். சூடாக்கும் முன் சாஸை வடித்துவிட்டால் சர்க்கரை, உப்பு இரண்டும் குறையும். சாஸில்லாமல் வெந்த தோள்பட்டைக் கறியை வாங்கி, 100 கிராமுக்கு 1 மேசைக்கரண்டி சாஸ் நீங்களே கலப்பது இன்னும் நல்லது. அதில் புரதமும் கூடுதல், கொழுப்பும் கூடுதல். அதனால் கறிச்சாற்றைக் குளிரவைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிடுங்கள்.