வாசற்படியை எண்ணினீர்களா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய அக்ரகார வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீளமாகப் போகும் வீடு. முற்றத்தைச் சுற்றி எட்டு மரத்தூண்கள். பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. 38 லட்சம் சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். சுவர்களைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மாடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடித்தால் ஆறு மாதத்தில் குடிபோகலாம், 12 லட்சம் ஆகும் என்றார். நீங்களும் இப்படி ஒரு வீட்டை வாங்கிச் சீர்செய்ததாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா? என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: கழிப்பறை எங்கே?

எஸ்., அம்பத்தூர்

அன்புள்ள எஸ்.,

தூண்களை எண்ணியிருக்கிறீர்கள். வாசற்படியை எண்ணினீர்களா?

நான் வாங்கிய வீட்டில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற இரண்டு படிகள் இருந்தன. எதிர்வீட்டுப் பாட்டி, தான் கல்யாணமாகி வந்தபோது அங்கே ஐந்து படிகள் இருந்தன என்றார். மீதி மூன்றும் எங்கும் போகவில்லை, தார்ச்சாலைக்கு அடியில்தான் இருக்கின்றன. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முற்றத்து நீர் வாசல் சாக்கடைக்குப் போன காலம் மாறி, சாக்கடை முற்றத்துக்கு வருகிறது. இதை எந்தப் பூச்சும் தடுக்காது. அதனால் சித்திரை வெயிலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள்.

அடுத்தது கூரை. மாடி என்கிறீர்களே, அது மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இந்தத் தளம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, கைப்பிடிச்சுவர் ஓரத்தில்தான் கெடும். அங்கே ஓர் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் உங்கள் செலவுக் கணக்கு. கீழே வந்து உத்தரங்களைப் பாருங்கள். நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் உளுக்கும். ஏணி போட்டு ஏறி, அந்த முனையில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்துங்கள். என் வீட்டுக் கூடத்து உத்தரத்தில் அது கைப்பிடி வரை இறங்கியது. வெளியே பார்த்தால் வழுவழுவென்று தேக்கு, உள்ளே காப்பித்தூள்.

இனி சிமென்ட். இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எனக்கு வாய்த்த ஒப்பந்தக்காரரும் அதையேதான் சொன்னார். ரேழியிலும் கூடத்திலும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினோம். பொங்கலுக்கு வெள்ளையடித்துப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினேன். மறு மார்கழியில் இடுப்பு உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாகச் சுவர் வீங்கியது. விரலால் தொட்டால் பூச்சு வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது, பின்னால் பஞ்சு போல வெள்ளை உப்பு. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் சுவர் வழியே ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டுபோகும். பழைய பூச்சில் முழங்கால் உயரத்தில் நின்ற ஓதத்தை, அதாவது அந்தச் சுவர் ஈரத்தை, நான்தான் செலவு செய்து இடுப்புக்கு ஏற்றினேன்.

மறுபடி கொத்தி, நீற்றிய சுண்ணாம்பில் பூசினோம். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் குடித்து மெதுவாகத்தான் இறுகும். ஒரு கை பூசிவிட்டுக் காத்திருந்து அடுத்த கை பூச வேண்டும். ஆறு மாதம் என்று சொல்கிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. அவர் சொன்ன 12 லட்சத்தையும் நம்பாதீர்கள். எனக்குச் சொன்னது 9, முடிந்தது 21.

பத்திரம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அக்ரகாரம் என்றதும் எனக்கு முதல் பயமே அதுதான். தஞ்சைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் கட்டடம் மட்டும்தான் சொந்தம், அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. கோயில் நிலமாக இருந்தால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு குறுக்கே வரும், உரிய அனுமதி இல்லாமல் பத்திரம் பதிவாகாது. தாய்ப்பத்திரத்தில் 'அடிமனை' என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றை இணையத்தில் 1975 முதல் எடுக்கலாம், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பதிவாகாத உயிலும் கையெழுத்துப் போடாத வாரிசும் எந்த வில்லங்கச் சான்றிலும் தெரியாது. கல்யாணமாகிப் போன பெண்களை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் விற்க வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பங்கு. அதற்கு அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. மும்பையில் ஓர் அத்தை இருந்தாலும் அவர் கையெழுத்தும் வேண்டும்.

விற்பவரோடு ஒப்பந்தம் எழுதும்போது எட்டுத் தூண்கள், நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, சங்கிலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், யார் யார் வீட்டுக் கதவெல்லாமோ சாத்தி வைத்திருக்கும். முன்பணத்துக்கும் பதிவுக்கும் இடையே என் வீட்டு ஊஞ்சல் காணாமல் போனது. கொக்கி மட்டும் இன்னும் தொங்குகிறது.

வாங்கலாமா என்றால், மழையிலும் பத்திரத்திலும் தேறினால் வாங்குங்கள். எனக்கு வருத்தமில்லை. மத்தியானத்தில் கூடத்துத் தரையில் படுத்தால் மின்விசிறி வேண்டியதில்லை.

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த மாதிரி வீட்டில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும், இரவில் டார்ச் விளக்கோடு போக வேண்டும். அதற்காகப் படுக்கையறைக்குள் ஒன்றைப் பொருத்திப் பழைய சுவருக்குள் குழாய் பதித்துவிடாதீர்கள், மறுபடி ஓதம்தான். கூடத்துப் பின்கட்டை ஒட்டி, பழைய சுவரைத் தொடாமல், தனக்கென்று நான்கு சுவரோடு புதிதாகக் கட்டுங்கள். அதற்கு சிமென்ட் தாராளமாகப் போடலாம். தூணுக்கு எண்ணெய் தடவும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.